எடிட்டிங் அசிஸ்டென்ட்டா சேரணும்: கோர்ஸ் தேவையா, என்ன தெரிஞ்சிருக்கணும்?

நெல்லை_கட்

வணக்கம். விஸ்காம் முடிச்சாச்சு, ஊர் திருநெல்வேலி. பிரீமியர் நல்லா வரும், டாவின்சி ரிசால்வ் ஓரளவு வரும். கல்யாண வீடியோவும் சில குறும்படமும்தான் இதுவரைக்கும் கட் பண்ணினது. சென்னைக்கு வந்து யாராவது ஒரு எடிட்டர்கிட்ட அசிஸ்டென்ட்டா சேரணும். மூணு மாச எடிட்டிங் கோர்ஸுக்கு ஒண்ணரை லட்சம் கேட்கிறாங்க. அது தேவையா? எவிட் சாஃப்ட்வேர் கட்டாயம் தெரியணுமா? ஷோரீல் எத்தனை நிமிஷம் இருக்கணும்? எடிட்டிங்கை விட்டுட்டு டி.ஐ. (படத்துக்குக் கடைசியா கலர் சரிபண்ற வேலை) பக்கம் போனா சீக்கிரம் மேல வரலாம்னு நண்பன் சொல்றான், அது சரியா? விஷயம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

டைம்லைன்வாசி

ஷோரீலை முதல்ல மறந்துடுங்க தம்பி. அசிஸ்டென்ட் எடுக்கிற எடிட்டர் உங்க கட்டிங்கைப் பார்க்கப் போறதில்ல. கட் பண்ண அவரே இருக்கார். காலைல ஸ்பாட்ல இருந்து ஹார்ட் டிஸ்க் வந்தா, சாயங்காலம் அவர் நாற்காலியில உட்காரும்போது எல்லா டேக்கும் சிங்க் ஆகி (படமும் சத்தமும் சரியா சேர்ந்து), சீன் வாரியா பின்ல, அதாவது சாஃப்ட்வேர்ல கிளிப் வைக்கிற ஃபோல்டர்ல, கிடக்கணும். அந்த வேலையை இந்தப் பையன்கிட்ட நம்பி விடலாமான்னுதான் பார்ப்பார்.

டிஸ்க் வந்ததும் முதல் வேலை காப்பி. இழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. கேபிள் லூசா இருந்தாலோ டிஸ்க்ல கோளாறு இருந்தாலோ, ஃபைல் சைஸ் சரியா காட்டும், உள்ள நடுவுல ரெண்டு செகண்ட் உடைஞ்சு கிடக்கும். அது தெரியவர்றது பல மாசம் கழிச்சு டி.ஐ. மேசையில. அப்போ செட்டும் இருக்காது, நடிகர் தேதியும் கிடைக்காது. அதனால செக்சம் (காப்பி ஒரிஜினலோட ஒத்துப்போகுதான்னு காட்டுற எண்) பார்த்துக் காப்பி பண்ற மென்பொருள் வேணும். ஷாட்புட் ப்ரோ, ஆஃப்ஷூட் (முன்னாடி பேர் ஹெட்ஜ்), சில்வர்ஸ்டாக் மாதிரி நிறைய இருக்கு. காசு இல்லேன்னா ரிசால்வ்ல மீடியா பக்கத்துல இருக்கிற குளோன் டூலே போதும். ரெண்டு தனித்தனி டிஸ்க்ல ரெண்டு காப்பி, ரெண்டும் சரிபார்த்த பிறகுதான் கேமரா கார்டை ஃபார்மேட் பண்ணலாம்னு தகவல் சொல்லணும். பெரிய படத்துல இதை டி.ஐ.டி. (ஸ்பாட்ல கேமரா டேட்டாவைக் கவனிக்கிறவர்) பார்த்துக்குவார். சின்ன பட்ஜெட்ல உங்க தலையிலதான் விழும். மேக்குக்கும் விண்டோஸுக்கும் மாறி மாறிப் போற டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ல இருக்கும். எஜெக்ட் கொடுக்காம பிடுங்கினா அது மொத்தமா படுத்துக்கிற ரகம். கார்டு ஃபோல்டருக்குள்ள எந்த ஃபைல் பேரையும் மாத்தாதீங்க.

அடுத்தது டிரான்ஸ்கோட், அதாவது பெரிய கேமரா ஃபைலை எடிட்டுக்கு ஏத்த சின்ன ஃபைலா மாத்துறது. யு.எச்.டி. ப்ரோரெஸ் 4444-ல 24 ஃபிரேம்ல ஒரு மணி நேர ரஷ் (ஸ்பாட்ல எடுத்த வெட்டாத வீடியோ) ஏறத்தாழ 477 ஜி.பி. அதையே எடிட்டுக்கு டி.என்.எக்ஸ்.எச்.டி. 36 ஆக்கினா சுமார் 16 ஜி.பி. அறுபது மணி நேரம் ஷூட் பண்ணின படத்துக்கு ஒரிஜினல் 28 டெராபைட்டைத் தாண்டும், எடிட் மீடியா ஒரு டெராபைட்டுல அடங்கிடும். இந்தச் சின்ன ஃபைல் ஒரிஜினலோட மூணு விஷயத்தை அப்படியே சுமக்கணும்: டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), ரீல் பேர் (எந்தக் கார்டுல இருந்து வந்ததுங்கிற பேர்), ஃபிரேம் ரேட். இதுல ஒண்ணு மாறினாலும் பின்னாடி டி.ஐ.ல ஒரிஜினலோட சேர்க்க முடியாது. லாக்ல (கலரைப் பிறகு சரிபண்ண வசதியா மங்கலா பதியுற முறை) ஷூட் பண்ணின படம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அதனால கேமராமேன் கொடுத்த லட் (கலரை மாத்திக் காட்டுற ஃபைல்) போட்டுத்தான் டிரான்ஸ்கோட் பண்ணணும். டைரக்டர் அந்தக் கலரையே ஆறு மாசம் பார்த்துப் பழகிடுவார்ங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். தப்பான லட் போட்டா டி.ஐ.ல கலரிஸ்ட்தான் திட்டு வாங்குவார்.

சிங்க்லதான் புதுசா வர்றவங்க நிறைய மாட்டுறாங்க. நம்ம ஊர்ல பல படத்துக்கு ஸ்பாட்ல எடுக்கிறது பைலட் டிராக்தான், அதாவது வழிகாட்டுறதுக்கு மட்டும் எடுக்கிற சத்தம், பின்னாடி டப்பிங்ல மாறிடும். அதுக்காக பைலட்டைச் சும்மா ஒட்ட வைக்கலாம்னு நினைக்காதீங்க. டப்பிங்ல ஆர்ட்டிஸ்ட் அதைக் கேட்டுத்தான் பேசுவாங்க. டைம்கோடு இருந்தா அதை வெச்சு சிங்க் பண்ணிட்டு, ஒவ்வொரு டேக்கிலயும் கிளாப் மூடுற ஃபிரேமையும் 'டக்' சத்தத்தையும் கண்ணால ஒரு தடவை பாருங்க. கேமரா 23.976-ல ஓடி, சவுண்டை 24-ன்னு நினைச்சு யாராவது வேகம் மாத்தி விட்டிருந்தா வித்தியாசம் ஆயிரத்துல ஒண்ணு. 42 செகண்டுக்கு ஒரு ஃபிரேம் நழுவும். சின்ன டேக்ல தெரியவே தெரியாது. இருபது நிமிஷ ரீல்ல ஒரு செகண்டுக்கு மேல போயிடும். டேக்கோட ஆரம்பத்துல சிங்க் சரியா இருந்து கடைசில விலகினா காரணம் ஃபிரேம் ரேட். முழுக்க ஒரே அளவு விலகி இருந்தா கிளாப்பைத் தப்பா பிடிச்சிருக்கீங்க.

பாட்டு தனிக் கதை. 48 ஃபிரேம்ல ஸ்லோமோஷன் எடுக்கும்போது ஸ்பாட்ல பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு உதடசைக்க வைப்பாங்க. டைம்லைன்ல 24-ல ஓடும்போது உதடு ஒரிஜினல் பாட்டுக்குச் சரியா வரும், ஆனா அந்த டேக்கோட பைலட் சத்தம் எதுக்கும் ஒட்டாது. அதனால பாட்டுக்கு ஒரு டைம்லைன் போட்டு, மாஸ்டர் டிராக்கை முதல் ஆடியோ டிராக்ல பூட்டி வெச்சுட்டு, ஒவ்வொரு டேக்கையும் அது பாட்டுல வர்ற இடத்துலயே வீடியோ டிராக் மேல வீடியோ டிராக்கா அடுக்குங்க. ப, ம மாதிரி உதடு மூடுற எழுத்து வர்ற வார்த்தையைப் பிடிச்சா ஒரு ஃபிரேம்கூடத் தப்பாது. எடிட்டர் பல்லவியோட ரெண்டாவது வரி கேட்டா, அந்த இடத்துல எத்தனை டேக் இருக்குன்னு மேல இருந்து கீழ பார்த்துச் சொல்லிடலாம்.

பின்ல பேர் வைக்கிறது கிளாப் போர்டு படி: சீன், ஷாட், டேக். கூடவே கண்டினியுட்டி ரிப்போர்ட்ல அசிஸ்டென்ட் டைரக்டர் ஓ.கே., என்.ஜி. எழுதினதை ஏத்துங்க. ரிப்போர்ட்ல இருக்கிற டேக் டிஸ்க்ல இல்லேன்னா அன்னைக்கே ஸ்பாட்டுக்குப் போன் போடணும். கார்டு இன்னும் அழிஞ்சிருக்காது.

எவிட் கட்டாயமான்னா, சென்னையில எவிட்டும் ஓடுது, பிரீமியரும் ஓடுது. சேர்ற ரூம்ல எது இருக்கோ அதுதான் கட்டாயம். பிரீமியர் தெரிஞ்சவங்க எவிட்ல கட் பண்ணப் பத்து நாள்ல பழகிடலாம். அதோட மீடியா நிர்வாகத்தைத்தான் தனியா படிக்கணும். எம்.எக்ஸ்.எஃப். ஃபோல்டருக்குள்ள இருக்கிற எண் போட்ட ஃபோல்டர்கள்ல கை வைக்கக் கூடாது. மீடியா திடீர்னு ஆஃப்லைன்னு காட்டினா எவிட்டை மூடிட்டு, அந்த ஃபோல்டர்ல இருக்கிற ரெண்டு டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் அழிச்சுட்டுத் திறந்தா அதுவே திரும்ப எழுதிக்கும். பின் கெட்டுப் போனா 'அட்டிக்' ஃபோல்டர்ல பழைய காப்பி இருக்கும். இந்த மூணும் தெரிஞ்ச அசிஸ்டென்ட் ராத்திரி ஒரு மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்ல.

கன்ஃபார்ம்_மேசை

டி.ஐ. பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சேர்ந்தவுடன் யாரும் கலர் சக்கரத்தைத் தொட விடமாட்டார்கள். முதலில் டேட்டா, பிறகு கன்ஃபார்ம், அதன்பின் அசிஸ்டென்ட் கலரிஸ்ட். கன்ஃபார்ம் என்பது எடிட்டர் பூட்டிய கட்டை ஒரிஜினல் கேமரா ஃபைல்களை வைத்து ஃபிரேம் பிசகாமல் மறுபடி கட்டுவது. எடிட் ரூமில் நீங்கள் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் அது அரை நாளில் முடியும். இல்லாவிட்டால் ஒரு வாரம் போகும், அந்த ஒரு வாரத்துக்கும் டி.ஐ. தியேட்டர் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எடிட்டிங்கிற்குப் போனாலும் டி.ஐ.க்குப் போனாலும் இந்தக் கைமாற்றம் தெரிந்தே ஆகவேண்டும்.

எடிட் ரூமிலிருந்து வரவேண்டியது: ரீல் வாரியாக (படத்தைப் பிரித்த பகுதி ஒவ்வொன்றுக்கும்) இ.டி.எல். அல்லது எக்ஸ்.எம்.எல். (வெட்டுகளின் பட்டியல் உள்ள ஃபைல்), அதே ரீலின் ரெஃபரன்ஸ் வீடியோ, ஆப்டிகல் வேலைகளின் (டிஸால்வ், வேக மாற்றம் போன்றவை) பட்டியல். ரெஃபரன்ஸில் ரெக்கார்டு டைம்கோடு, சோர்ஸ் டைம்கோடு, கிளிப் பெயர் மூன்றும் படத்தின் மேல் எரிந்திருக்கவேண்டும். கன்ஃபார்ம் முடிந்ததும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டிஃபரன்ஸ் மோடில் ஓட்டுவோம். ஒரே படமாக இருந்தால் திரை ஏறக்குறைய கறுப்பாக இருக்கும், ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் விளிம்புகள் மினுமினுக்கும்.

டைம்லைனைச் சுத்தம் செய்யாமல் அனுப்புவதுதான் பெரும் தொல்லை. பயன்படாத மேல் டிராக்குகள், அணைத்து வைத்த கிளிப்புகள், மல்டிகேம், நெஸ்ட் (டைம்லைனுக்குள் டைம்லைன்) எல்லாவற்றையும் ஒரு நகல் டைம்லைனில் கலைத்து, சாதாரண ஷாட்டுகளை முதல் டிராக்கிலும் சி.ஜி. ஷாட்டுகளை இரண்டாவதிலும் டைட்டில்களை மூன்றாவதிலும் வையுங்கள். சி.எம்.எக்ஸ். 3600 வகை இ.டி.எல். ஒரு வீடியோ டிராக்கை மட்டும்தான் சுமக்கும். 999 வெட்டுகளுக்கு மேல் தாங்காது, ரீல் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் இருந்தால் வெட்டிவிடும். 'வெட்டிங்_ட்ரோன்_டே1', 'வெட்டிங்_ட்ரோன்_டே2' என்று பெயர் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிரீமியரில் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' கொடுத்த ஷாட்டுகளின் அளவு எக்ஸ்.எம்.எல்.லில் ஒழுங்காக வராது. 'செட் டு ஃபிரேம் சைஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள், அது ஸ்கேல் எண்ணாகவே பதியும்.

ட்ரோன், ஆக்‌ஷன் கேமரா, செல்போன் ஷாட்டுகள் தனி வியாதி. ஒவ்வொரு கார்டிலும் ஃபைல் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், சிலவற்றில் டைம்கோடும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். ஒரே பெயர், ஒரே டைம்கோடு, ஐந்து வெவ்வேறு ஷாட். கணினி முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடும். டைம்லைன்வாசி 'பெயரை மாற்றாதீர்கள்' என்றார். இந்த ஒரு வகைக்கு மட்டும் விலக்கு. முதல் காப்பியிலேயே, டிரான்ஸ்கோடுக்கு முன்பே, நாளும் கார்டும் சேர்த்துத் தனிப் பெயர் கொடுத்து, அந்தப் பெயர் மாற்றிய காப்பியையே டி.ஐ.க்கும் அனுப்பவேண்டும். செல்போன் வீடியோவின் ஃபிரேம் ரேட் ஓடும்போதே மாறும். அதை முதலிலேயே நிலையான 24 ஆக மாற்றி, மாற்றியதையே ஒரிஜினலாகக் கருதுங்கள்.

சி.ஜி.க்குப் போகும் ஷாட்டுகளுக்கு ஒரு ஷீட். ஷாட் எண், ரீல், சோர்ஸ் டைம்கோடு, ஃபிரேம் கணக்கு, ஹேண்டில் (வெட்டுக்கு வெளியே இருபுறமும் விடும் கூடுதல் ஃபிரேம்கள்), வேலை விவரம், எந்த நிறுவனம், எந்த வெர்ஷன் வந்தது. ஷாட் எண்ணைப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள், 0010, 0020 என்று. நடுவில் புதிதாக ஒரு ஷாட் சேர்ந்தால் 0015 கொடுக்கலாம். ஃபிரேம் எண் வழக்கமாக 1001-ல் தொடங்கும். முன்னும் பின்னும் எட்டு ஃபிரேம் ஹேண்டில் என்றால் கட்டில் தெரியும் முதல் ஃபிரேம் 1009. எடிட்டர் பிறகு பத்து ஃபிரேம் நீட்டினால் ஹேண்டில் போதாது, அந்த ஷாட் மறுபடி ரெண்டருக்குப் போகும். அது செலவு என்பதை எடிட்டரிடம் அந்த இடத்திலேயே சொல்கிற அசிஸ்டென்ட்டை எல்லோருக்கும் பிடிக்கும். ஒருவேளை எடிட்டருக்கு மட்டும் பிடிக்காது.

நெல்லை_கட்

ரொம்ப நன்றி. நான் படிச்சதுல இதெல்லாம் பாதிகூட இல்ல. ரெண்டு சந்தேகம். படத்தோட ரஷ் இல்லாம இதை வீட்டுல எப்படிப் பழகறது? சங்கத்து கார்டு இல்லாம ரூமுக்குள்ள விடுவாங்களா? சவுண்டுக்கு என்ன அனுப்பணும்னும் யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

மிக்ஸிங்_மூலை

சவுண்டுக்கு அனுப்புறதை நான் சொல்லிடறேன்.

ரீல் வாரியா ஏ.ஏ.எஃப். (சவுண்ட் சாஃப்ட்வேருக்கு டைம்லைனை எடுத்துப் போற ஃபைல்), ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், கிளிப்போட ரெண்டு பக்கமும் ரெண்டு செகண்டாவது ஹேண்டில். கூடவே அதே ரீல் வீடியோ, மேல டைம்கோடு எரிச்சு. எச்.264-ல கொடுத்தா ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்தும்போது முக்கும். டி.என்.எக்ஸ்.எச்.டி. இல்லேன்னா ப்ரோரெஸ் ப்ராக்ஸியா கொடுங்க. பைலட் ஒரு செட் டிராக், டெம்ப் மியூசிக் (தற்காலிகமா போட்ட இசை) ஒரு செட், எஃபெக்ட்ஸ் ஒரு செட்னு பிரிச்சு வையுங்க. எல்லாத்தையும் ஒரே டிராக்ல கொட்டி அனுப்பினா, மியூசிக் டைரக்டருக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) பண்ண வசனம் மட்டும் தனியா வேணும்னு கேட்கும்போது திரும்ப உங்ககிட்டதான் வரும்.

ரீல் டைம்கோடு முதல் ரீல் 01 மணியில, ரெண்டாவது 02 மணியில தொடங்கணும். எட்டு செகண்ட் லீடர் (படத்துக்கு முன்னாடி வர்ற பகுதி), படத்தோட முதல் ஃபிரேம் 01:00:08:00, அதுக்குச் சரியா ரெண்டு செகண்ட் முன்னாடி 01:00:06:00-ல ஒரு ஃபிரேம் 'பீப்'. கடைசி ஃபிரேமுக்கு ரெண்டு செகண்ட் பின்னாடி இன்னொரு பீப். முன் பீப் சரியா இருந்து பின் பீப் விலகினா மேல சொன்ன 23.976 பிரச்சினைதான். இந்த ரெண்டு பீப் இல்லாம வர்ற ரீலைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

ரீல் பிரிக்கிறது இருபது நிமிஷத்தைச் சுத்தி. ஆனா பாட்டு நடுவுலயோ, இசை ஓடிட்டு இருக்கிற இடத்துலயோ வெட்டாதீங்க. ரெண்டு ரீலையும் ஒட்டும்போது வால் அறுந்த மாதிரி கேட்கும். சீன் மாறி அமைதியா தொடங்குற இடமா பார்த்துப் பிரிங்க.

கட் லாக் ஆன (இனி மாத்துறதில்லன்னு பூட்டின) பிறகு எடிட்டர் மூணு ஃபிரேம் குறைச்சாலும் அது சவுண்ட், ஆர்.ஆர்., டி.ஐ., சி.ஜி. நாலு பேருக்கும் போகணும். எந்த ரீல், எந்த டைம்கோடு, எத்தனை ஃபிரேம் கூடுச்சு, குறைஞ்சுது, இப்போ ரீலோட மொத்த நீளம் என்ன. வாட்ஸாப்ல 'அண்ணே லேசா ட்ரிம் பண்ணியிருக்கு'ன்னு போட்டா அது தகவல் ஆகாது. ஃபைல் பேர்ல 'ஃபைனல்', 'ஃபைனல்_ஃபைனல்' எல்லாம் வேண்டாம், ரீல் எண், வெர்ஷன் எண், தேதி போதும்.

டைம்லைன்வாசி

பழகறதுக்கு ரஷ் கிடைக்கும் தம்பி. எடிட்ஸ்டாக் மாதிரி தளங்கள்ல கிளாப், தனி ஆடியோ, ஸ்கிரிப்டோட பயிற்சி ரஷ் விக்கிறாங்க. பிளாக்மேஜிக் தளத்துல ரிசால்வ் பாடப்புத்தகமும் அதுக்கான ஃபைல்களும் இலவசம். அதைவிட நல்லது, உங்க ஊர்ல யாராவது குறும்படம் எடுத்தா கட்டிங் மட்டும் கேட்காம போஸ்ட் புரொடக்சன் முழுக்கப் பார்த்துக்கிறேன்னு வாங்கிக்குங்க. செல்போன்லயோ ஜூம் ரெக்கார்டர்லயோ சவுண்டைத் தனியா எடுக்கச் சொல்லுங்க. பிரீமியர்ல கட் பண்ணி, எக்ஸ்.எம்.எல். எடுத்து, ரிசால்வ்ல ஒரிஜினல் ஃபைலை வெச்சு கன்ஃபார்ம் பண்ணி, டிஃபரன்ஸ்ல ஓட்டிப் பாருங்க. முதல் தடவை கட்டாயம் உடையும். எங்க உடையுது, ஏன்னு கண்டுபிடிச்சு, பத்து நிமிஷப் படம் ஒரு ஃபிரேம் பிசகாம வர்ற வரைக்கும் திரும்பப் பண்ணுங்க. அப்புறம் வேணும்னே ஒரு ஷாட்டைக் குறைச்சு, சேஞ்ச் நோட் எழுதி, ரெண்டாவது வெர்ஷன் அனுப்புற மாதிரி முழுசா ஒரு சுத்து. மூணு மாசக் கோர்ஸ்ல இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்களான்னு கேளுங்க. டிரான்ஸிஷன், எஃபெக்ட், கலர் பிரீசெட்னு பாடத்திட்டம் இருந்தா அந்த ஒண்ணரை லட்சத்துல சென்னையில பல மாசம் வாடகை கட்டலாம், 32 ஜி.பி. ராம் போட்ட மெஷினும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கலாம்.

முறையா படிக்கணும்னா வேற வழி. தரமணி அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு எடிட்டிங் நாலு வருஷப் பட்டப்படிப்பா இருக்கு. நீங்க டிகிரி முடிச்சவர், அதனால புனே எஃப்.டி.ஐ.ஐ.யும் கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனமும் உங்களுக்குப் பொருந்தும், ரெண்டுலயும் நுழைவுத் தேர்வு உண்டு. அது வருஷக் கணக்குல போற படிப்பு, மூணு மாசக் கோர்ஸோட ஒப்பிடுற விஷயமே இல்ல.

சங்கம்: எடிட்டர்கள் சங்கம் பெப்சியில (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இணைஞ்சது. முதல் நாளே கார்டு கையில இருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கிறதில்ல, பழகுற ஆளா சேர்ந்துட்டு, எடிட்டர் வழியா பிறகு விண்ணப்பிக்கிறதுதான் வழக்கம். விதியும் கட்டணமும் என்னன்னு சங்க அலுவலகத்துலயே நேரா கேளுங்க. 'கார்டு வாங்கித் தர்றேன்'னு வெளியில பணம் கேட்கிற ஆளைப் பார்த்தா நடந்துட்டே இருங்க.

ரூம் தேடறதுன்னா சாலிகிராமம், வடபழனி, விருகம்பாக்கம், வளசரவாக்கம். பெரிய எடிட்டருக்கு நேரா மெசேஜ் போடறதைவிட அவரோட அசோசியேட்டைப் பிடிங்க, ஆள் தேவைன்னு முதல்ல தெரியறது அவருக்குத்தான். ரிலீஸ் வாரத்துல போகாதீங்க, யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. படத்துல உடனே இடம் இல்லேன்னா வெப் சீரிஸ், விளம்பரம், சீரியல் எதுவும் குறைச்சல் இல்ல. சீரியல்ல தினம் ஒரு எபிசோடு போயே ஆகணும், கை வேகம் அங்கதான் வரும். ஸ்பாட் எடிட்டருக்கு உதவியா போனா ஷூட்டிங் எப்படி நடக்குது, கிளாப் ஏன் தப்பா வருதுன்னு புரியும்.

சேர்றதுக்கு முன்னாடி சங்கடப்படாம கேட்க வேண்டியது: மாசச் சம்பளமா, படத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா? பேட்டா உண்டா? ராத்திரி வேலைன்னா வண்டி உண்டா? மொத்தமா பேசினா தவணையை வேலையோட சேர்த்துக் கேளுங்க: லைன்-அப் (டேக்கை வரிசையா அடுக்குறது) முடிஞ்சதும் ஒண்ணு, கட் லாக் ஆனதும் ஒண்ணு, டி.ஐ.க்கும் சவுண்டுக்கும் கொடுத்ததும் ஒண்ணு. 'ரிலீஸுக்கு அப்புறம்'ங்கிற தவணையை முடிஞ்ச வரைக்கும் சின்னதா வையுங்க. படம் எப்போ வரும்னு தயாரிப்பாளருக்கே தெரியாது.

நெல்லை_கட்

கோர்ஸ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணே. இங்க ஒரு குறும்படம் அடுத்த மாசம் ஷூட், போஸ்ட் முழுக்க நானே பார்க்கிறேன்னு சொல்லியிருக்கேன். ட்ரோனும் உண்டாம், 30 ஃபிரேம்ல எடுப்பாங்களாம்.

கன்ஃபார்ம்_மேசை

24-க்கு மாற்றச் சொல்லி ஷூட்டிங்கிற்கு முந்தைய நாளே ட்ரோன்காரரிடம் பேசிவிடுங்கள். 30-ல் எடுத்ததை 24-ல் அதே வேகத்தில் ஓட்டினால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று விழும், மெதுவாகத் திரும்பும் ஷாட்டில் அந்தக் குதிப்பு நன்றாகவே தெரியும். அவர் கேட்கவில்லை என்றால் 80 சதவீத வேகத்தில் எல்லா ஃபிரேமையும் ஓட்டுங்கள், வான்வழி ஷாட்டில் சற்று மெதுவாகப் போவது யார் கண்ணிலும் படாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸையும் அணைக்கச் சொல்லுங்கள்.